தூரம் என்றோர் இடம்

கதிரையை இந்தப் பக்கம் இழுத்துப் போடுங்கள், மிஸ். அங்கே கூரைத் தகரத்தில் ஓட்டை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் சரியாக உங்கள் மடியில் விழும். தொழிலாளர் யாரும் வரமாட்டார்கள். நீங்கள் எட்டரை மணியிலிருந்து இருக்கிறீர்கள், நான் அந்த வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வருவார்கள் என்று யார் சொன்னது? உங்கள் மீன்பிடிக் கந்தோரிலா? கந்தோரில் அப்படித்தான் சொல்வார்கள்.

தண்ணீர் குடியுங்கள். போத்தல் தண்ணீர்தான், பயப்படாதீர்கள்.

அந்தப் படிவத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம். டொல்பின். வலையில் டொல்பின் படுகிறதா, பட்டால் எத்தனை, உயிரோடா, விட்டீர்களா, எங்கே பட்டது. பார்த்தீர்களா, இதிலும் 'எங்கே' இருக்கிறது. நல்ல படிவம். கோடுகள் நேராக இருக்கின்றன. எங்களுடையதில் கடைசிப் பெட்டி எப்போதும் பாதி வெட்டுப்பட்டுத்தான் அச்சாகி வரும்.

என் பெயர் சந்தியோகு. கடற்றொழிலாளர் சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். பிறகு நண்டுக் கொம்பனி நண்டு வாங்கும் இந்த நிலையத்தைத் திறந்தபோது என்னைத்தான் பதிவாளராகக் கேட்டார்கள். கரையில் பிறந்தவன்தான், ஆனால் கடல் எனக்கு ஒத்துவராது. மூன்றே மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் வாந்தி. எழுத்துத்தான் எனக்குத் தொழில். என் எழுத்தை இந்தப் பகுதியில் யாரும் குறை சொன்னது கிடையாது. மற்றதையெல்லாம் சொல்வார்கள்.

நண்டு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரிந்திருக்கும், படித்தவர். இங்கே வலையிலிருந்து கழற்றி, அவித்து, ஐஸில் போட்டுக் கொழும்புக்குப் போகும். அங்கே சதையை எடுத்து டின்னில் அடைத்து அமெரிக்காவுக்கு. நாங்கள் முப்பத்தொரு வள்ளம் உள்ள கரை. எங்கள் நண்டு அவர்களுடைய கடையில் ஒரு தட்டின் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. ஆனால் அந்த டின்னின் அடியில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைத் தட்டிப் பார்த்தால் எந்த நாடு, எந்தக் கரை, எந்த வள்ளம், என்ன திகதி, எல்லாம் வரும். நான் இந்த மேசையில் எழுதியது அங்கே வரும். யோசித்துப் பாருங்கள், மிஸ். சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுதினேன், பக்கத்துக் கரைக்காரன்கூட வாசித்ததில்லை.

முதலில் அளவு வந்தது. ஒரு பிளாஸ்ரிக் அளவுகோல் தந்தார்கள், ஓடு அதற்குள் அடங்கினால் எடுக்கக்கூடாது. சரி என்றார்கள். பிறகு சினை நண்டு. வயிற்றில் சினை இருந்தால் திருப்பிக் கடலில் விட வேண்டும். முணுமுணுத்தார்கள், ஆனால் விட்டார்கள். விலை அப்படி. பிறகு ஒரு கடல் படம் வந்தது. வடக்குப் பக்கம் ஒரு சதுரத்துக்குச் சிவப்பு அடித்திருந்தது. கடற்புல் உள்ள இடமாம், நண்டு பெருகிற இடமாம், அதற்குள் வலை விடக்கூடாது. யார் எங்கே இருந்து வரைந்தார்களோ தெரியாது, இங்கே வந்து ஒருவரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த 'எங்கே' வந்தது.

வள்ளம் வெளிக்கிட முதலே கேட்க வேண்டும். பிடித்துக்கொண்டு வந்த பிறகு கேட்டால் பொய் சொல்வார்களாம். முதலே கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று எவரோ முடிவெடுத்திருக்கிறார். படிவத்தில் தமிழில் அச்சடித்திருந்தது: 'தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?'

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் கேட்கமாட்டார்கள்தானே? வாசலால் இறங்குகிறவனை 'எங்கே' என்று கேட்டால் போன காரியம் உருப்படாது. கடலுக்குப் போகிறவனை அப்படிக் கேட்டால் அவன் உங்களை அடிக்காமல் விட்டால் பெரிய காரியம். அப்படியே கேட்கத்தான் வேண்டுமென்றால் 'தூரமோ?' என்று கேட்பார்கள். அவனும் 'தூரந்தான்' என்பான். விசயம் முடிந்தது. கேட்டவனுக்கும் திருப்தி, போகிறவனுக்கும் குறையில்லை.

நானும் அப்படியே செய்தேன். விடிய ஐந்தரைக்குக் கரையில் நின்று ஒவ்வொரு வள்ளமாக 'தூரமோ?' என்றேன். 'தூரந்தான்' என்றார்கள். பெட்டியில் 'தூரம்' என்று எழுதினேன். பொய்யில்லை, மிஸ். கேட்டதைக் கேட்டேன், சொன்னதை எழுதினேன். இரண்டு மாதம் போனது. பிறகு கொம்பனி மனேச்சர் போன் எடுத்தார்.

"சந்தியோகு ஐயா, 'தூரம்' எண்டது எந்த இடம்?"

"ஏன் கேக்கிறியள்?"

"அமெரிக்காவிலை வாங்கிறவங்கட கொம்பியூட்டரிலை அப்பிடி ஒரு இடம் இல்லையாம். முப்பத்தொரு வள்ளமும் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலை நிண்டு பிடிக்குதாம். இருவது நாளுக்குள்ளை அங்கை நண்டே மிஞ்சாதாம். உடனை அந்த இடத்தை மூடச் சொல்லி ஒடிட்டர் எழுதியிருக்கிறார்."

தூரத்தை மூடச் சொல்லி! நான் சிரித்தேன். மனேச்சர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்தக் கரையை வாங்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். கரையில் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஏழெட்டு நாளாக ஆளுக்காள் அதுதான் பகிடி. "நாளைக்குத் தூரத்தை மூடப் போறாங்களாம், இண்டைக்கே போயிட்டு வருவம்." அந்தக் கிழமைதான், நினைத்துப் பார்த்தால், இந்தக் கரை கடைசியாக என்னோடு சேர்ந்து சிரித்தது.

பிறகு நான் கேட்கத்தான் வேண்டியிருந்தது. 'எங்கே' என்று. அச்சடித்திருந்தபடி.

முதல் நாள் ஆறு வள்ளம் கடலுக்குப் போகவில்லை. கேட்ட கேள்வியோடு வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அடுத்த நாள் ஒருவன், "மாமியார் வீட்டுக்கு, எழுதும்" என்றான். இன்னொருவன், "உமக்குக் குழி வெட்ட நல்ல இடம் பாக்கப் போறன்" என்றான். நான் கோபப்படவில்லை. உத்தியோகம் என்றால் கொஞ்சம் கேட்கத்தான் வேண்டும்.

என் மச்சான்தான் முதலில் ஒழுங்காகப் பதில் சொன்னவர். இன்னாசி. என் தங்கச்சி றெஜினாவின் புருசன். நான் கலியாணம் முடிக்கவில்லை, மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும். றெஜினாவே கரியரில் போட்டுக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்துவிட்டுப் போவாள். இன்னாசி வள்ளத்தில் ஏறி நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "தெற்காலை. நாலு பாகத் தண்ணி. எழுது மச்சான். உன்ரை உத்தியோகம் என்னாலை போகக்கூடாது." பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆழத்துக்குக் கணக்கு. அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொரு திசையாகச் சொல்லத் தொடங்கினார்கள். நான் எழுதினேன். பெட்டிகள் நிரம்பின.

இதில் ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தன் இடத்தை ஒரு தொழிலாளி சொல்ல மாட்டான். வடக்கே போகிறவன் தெற்கு என்பான். கேட்கிறவனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையாட்டுவான். அதைப் பொய் என்று யாரும் இங்கே சொல்வதில்லை. படிவத்தில் அதற்கென்று பெட்டியும் இல்லை.

ஒக்டோபர் மாதம் ஒடிட்டர் நேரே வந்தார். உயரமான வெள்ளைக்காரர். பெயர் வாயில் வராது. மூன்று நாள் நின்றார். இரண்டாம் நாள், புதன்கிழமை, விடிய வந்து கரையில் என் பக்கத்தில் நின்றார், நான் எப்படிக் கேட்கிறேன் என்று பார்க்க. இன்னாசியின் வள்ளம் வந்தது. அவரோடு தொழிலுக்குப் போகிற பெனடிற் வள்ளத்தின் முன்னால், அணியத்தில் நின்றான். அவனுடைய மனுசிக்கு அப்போது நிறைமாதம்.

நான் கேட்டேன். ஒடிட்டருக்குக் கேட்கத் தெளிவாகத்தான் கேட்டேன். "எங்கை போறியள்?"

பெனடிற் என்னை ஒரு பார்வை பார்த்தான். துடுப்பை உள்ளே போட்டான், இறங்கினான், வீட்டுக்கு நடந்தான். இன்னாசி சிரித்தார். "அவனுக்குப் பிள்ளைப்பயம். நான் தனியப் போறன். தெற்காலை, நாலு பாகம். எழுதியாச்சோ?" எழுதினேன். ஒடிட்டர் என் தோளில் தட்டினார். அவரிடம் நல்ல பழக்கங்கள் இருந்தன.

பதினொரு மணிபோல வாடைக்காற்று எழும்பியது. அந்த மாதத்தில் அது அப்படித்தான். மற்ற வள்ளங்கள் ஒரு மணிக்குள் வந்துவிட்டன. இரண்டுக்கும் இன்னாசி இல்லை. மூன்றுக்கும் இல்லை. நேவிக்காரர் இந்த நிலையத்துக்கே வந்தார்கள், தேட வேண்டும், எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார்கள். ஒடிட்டர் உங்கள் கதிரை இருக்கிற இடத்தில்தான் இருந்தார். மனேச்சரும் வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் நின்றார். வாசலில் கரைச் சனம் முழுக்க.

நான் படிவக் கோவையைத் திறந்து காட்டினேன். தெற்கு. நாலு பாகம். என் எழுத்து, இன்னாசியின் கையொப்பம்.

றெஜினா சனத்தை விலத்திக்கொண்டு உள்ளே வந்தாள். "அண்ணா, உந்தத் தாளை விடுங்கோ. அவர் சொன்னதை விடுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் கோவையைக் காட்டினேன்.

"தெற்காலை எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுறவர். வடக்காலை எண்டு எனக்குத் தெரியும். வடக்காலை எந்த இடமெண்டு எனக்குத் தெரியாது. உங்களைக் கூட்டிக்கொண்டு போனவரெல்லே? சொல்லுங்கோ அண்ணா."

நேவிக்காரர் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒடிட்டரின் காதில் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான், "படிவத்திலை உள்ளதுதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், மிஸ். வடக்கு என்று நான் சொன்னால் அந்தச் சிவப்புச் சதுரம். சிவப்புச் சதுரம் என்றால் அந்த ஒரு வள்ளம் மட்டுமில்லை, முழுக் கரையும் பட்டியலிலிருந்து போகும். முப்பத்தொரு வள்ளம். ஒரு மனிதனுக்காக முப்பத்தொரு வள்ளத்தை விடலாமா? அதோடு எழுதியதற்கு மாறாக வாயால் சொன்னால், அதுவரை நான் எழுதிய எல்லாம் பொய் என்றாகிவிடும். மற்றது, அவர் உயிரோடுதானே வந்தார்? அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

றெஜினா அழவில்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "நண்டு எங்கை பிடிபட்டதெண்டு அமெரிக்காவிலை இருக்கிறவனுக்குத் தெரியுமாம். என்ரை மனுசன் எங்கையெண்டு என்ரை அண்ணனுக்குத் தெரியாதாம்." அவள் படித்தவள் அல்ல, ஆனால் எப்போதும் இப்படித்தான் கதைப்பாள்.

இரண்டு நாள் தெற்கே தேடினார்கள். கரை வள்ளங்கள் சில தாங்களாகவே வடக்கே போய்ப் பார்த்தன. ஆனால் அது பெரிய கடல். சரியான இடம் தெரியாமல் என்ன தேடுவது? எஞ்சின் நின்று, காற்றுத் தள்ளி, மூன்றாம் நாள் விடிய அவர் இந்தியக் கரையில் ஒதுங்கினார். எல்லை தாண்டிய வழக்கு. நாலு மாதம் சிறை. வள்ளம் திரும்பி வரவில்லை. ஆள் வந்தார். வந்தாரா இல்லையா?

அந்தச் சுவரைப் பாருங்கள். அது ஒடிட்டர் அனுப்பியது. இங்கிலீசில் இருக்கிறது, உங்களுக்கு விளங்கும். பதிவுகள் நூறு வீதம் பூரணம் என்று எழுதியிருக்கிறார். இந்தத் தீவில் வேறு எந்தக் கரைக்கும் அப்படிக் கொடுக்கவில்லை என்று மனேச்சர் சொன்னார். பிரேம் நானே போட்டது.

இன்னாசி பெப்ரவரியில் வந்தார். வந்து மூன்றாம் நாள் இங்கே வந்தார். மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டி, ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. இந்த மேசைக்கு முன்னால் நின்றார், இருக்கவில்லை.

"எந்தப் பக்கம் தேடினவங்கள்?"

"தெற்காலை."

"அந்தத் தாளைக் காட்டு."

காட்டினேன். தன் கையொப்பத்தைக் கன நேரம் பார்த்தார்.

"நான் உனக்குச் சொன்னது பொய்யெண்டு உனக்குத் தெரியும் என்ன?"

"நீங்கள் சொன்னதை எழுதினன் மச்சான்."

"அதை நான் கேக்கேல்லை."

தாளை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அந்த நண்டு அளவுகோலை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். ஒழுங்கான மனிதர்.

கரையும் அப்படித்தான். சண்டை பிடிக்கவில்லை, ஏசவில்லை. நான் 'எங்கே' என்று கேட்டால் சொன்னார்கள், எழுதினேன். அவ்வளவுதான். கோயிலில் என் வாங்குப் பலகையில் நான் மட்டும். பெனடிற்றின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கரை முழுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நான் அன்று பதிவு வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சாப்பாடு? அந்தப் புதன்கிழமை மத்தியானம் றெஜினா வழக்கம்போலப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து வைத்தாள், அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. சுறாப் புட்டு. அந்தக் கரியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அந்த அலுமாரியில். நன்றாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கலாம்தான். ஆனால் கொடுத்துவிட்டால் அவளுக்கு இங்கே வர ஒரு காரணமும் இருக்காது. அதனால் வைத்திருக்கிறேன். இப்போது பேக்கரியில் பாண் வாங்குகிறேன். பாண் போதும், வயதுக்கு நல்லது.

எல்லாரும் என்மேல் எரிச்சல்பட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். கொம்பனித் தொப்பி, சுவரில் பிரேம். சனத்துக்கு அது பிடிக்காது.

பிறகு, உங்களுக்குத் தெரியும், இந்த வருடம் டொல்பின் வந்தது. வலையில் டொல்பின் படவில்லை என்று நாடு நிரூபிக்க வேண்டுமாம். நிரூபிக்காத நாட்டு நண்டு அமெரிக்காவில் இறங்கக்கூடாதாம். எங்கள் வலை தரையோடு கிடக்கிற வலை. நான் பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் ஒரு டொல்பின் வலையில் பட்டதை நான் காணவில்லை. ஆனால் படவில்லை என்று எழுதிய படிவம் எங்களிடம் இல்லை. பட்டதை எழுதத்தானே படிவம் இருக்கும், படாததை யார் எழுதினார்கள்? மனேச்சர் ஒரு நாள் வந்து ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். முப்பத்தொரு வள்ளமும் பட்டியலிலிருந்து போனது. நான் காப்பாற்றிய அதே முப்பத்தொன்று. கோவைகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். தேவையில்லை என்றார். அங்கேதான் இருக்கின்றன, அடுக்கி வைத்திருக்கிறேன். திகதி வாரியாக.

இப்போது ஆட்கள் கொஞ்சம் நண்டு பிடித்து ஊர்ச் சந்தைக்குக் கொடுக்கிறார்கள். இன்னாசி பெனடிற்றின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். முந்தி பெனடிற் அவரிடம் போனவன், இப்போது அவர் பெனடிற்றிடம். நான் விடிய ஐந்தரைக்கு இந்த வாசலில் நிற்கிறேன். வேலை இல்லைதான், ஆனால் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அவர் போகும்போது "தூரமோ?" என்பேன். அவருக்கென்று இல்லாமல், காற்றுக்குச் சொல்வதுபோல. அவர் திரும்பமாட்டார்.

போன மாதம் ஒரு நாள் திரும்பினார். வலையைத் தோளில் வைத்தபடி நேரே என் முன்னால் வந்து நின்றார். ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"எங்கையெண்டு கேள்."

நான் கேட்கவில்லை.

"அண்டைக்கு வெள்ளைக்காரனுக்கு முன்னாலை சத்தம் போட்டுக் கேட்டனிதானே. இப்ப கேள்."

"வேண்டாம் மச்சான். கடலுக்குப் போறியள்."

"கேக்காட்டிலும் சொல்லுறன். வடக்காலை, கோயில் சிலுவையும் தண்ணித் தாங்கியும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு மறையிற இடம். எழுது."

கரை முழுக்கக் கேட்டது. இருபது வருடம் ஒருவருக்கும் சொல்லாத இடம். எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார், இனி அது அவருடைய இடமே இல்லை.

"படிவம் முடிஞ்சுது மச்சான்" என்றேன். உண்மைதானே, கொம்பனி போய்விட்டது, வெற்றுப் படிவம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு போனார்.

அந்த இடம் எனக்குத் தெரியும்தான், மிஸ். அந்த மூன்று முறையும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். வள்ள விளிம்பைப் பிடித்து வாந்தி எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கும்போதெல்லாம் அதுதான் தெரிந்தது: சிலுவை மெல்ல மெல்லத் தாங்கிக்குப் பின்னால் போய் மறைகிறது. முகத்தைக் கழுவத் தண்ணீர் தந்து, "கண்டதை மறந்துபோடு மச்சான்" என்று சிரித்தார். நான் மறக்கவில்லை.

எழும்பிவிட்டீர்களா? ஓம், பஸ் வந்துவிடும். உங்களுக்கு ஒருவரும் வரவில்லை. வெறும் படிவத்தைக் கொண்டுபோனால் கந்தோரில் என்ன சொல்வார்கள்? ஒன்றை நிரப்பிக் கொண்டுபோங்கள். நான் சொல்கிறேன், எழுதுங்கள். கரையின் பெயர் தெரியும். தொழிலாளி: இன்னாசி. டொல்பின்: இல்லை. திகதி, போன ஒக்டோபர், அந்தப் புதன்கிழமை. இன்றைய திகதி வேண்டாம், அதையே போடுங்கள். எங்கே என்ற பெட்டியில், கோயில் சிலுவையும் தண்ணீர்த் தாங்கியும்...

என்ன? பழைய திகதி போட முடியாதா?

சரி. விடுங்கள். வெட்டிவிடுங்கள், ஒரே கோடாக வெட்டுங்கள், மேலே மேலே கிறுக்காதீர்கள். இன்றைய திகதியே போடுங்கள். இடம் என்ற பெட்டியில் 'தூரம்' என்று எழுதிவிடுங்கள்.